பெங்களூர் போன ஞாயிறுகள்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
6.2.2005

அன்புள்ள ஃபெபாவுக்கு,

நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம். பள்ளிக்கூட முகவரிக்கு ஏன் அனுப்புகிறான் என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டு போன் ஹாலில் இருக்கிறது. நான் கூப்பிட்டால் உங்கள் அப்பாதான் எடுப்பார், "கம்பெனியெல்லாம் எப்படி மாப்ள?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது என்னிடம் சரியான பதில் இல்லை.

நேராகச் சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. கிடைக்காது என்று நினைத்துத்தான் எழுதினேன். பெண் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தபோது அது ஞாபகத்திலேயே இல்லை. ஆனால் நிச்சயம் முடிந்த அதே வாரம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்துவிட்டது. மார்ச் பதினொன்றாம் தேதி, பெங்களூரில்.

கிடைத்தால் இரண்டு வருடம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். வேலையை விட வேண்டும். அந்த வேலையை நம்பித்தான் உங்கள் அப்பா சம்மதித்தார் என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் மடிவாளாவில் இன்டர்வியூ பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா நம்பிவிட்டார், அம்மா நம்பவில்லை.

உங்கள் அப்பாவிடம் சொல்லட்டுமா, வேண்டாமா? நான் என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ரெக்ஸ்


கிருஷ்ணகிரி
10.2.2005

அன்புள்ள ரெக்ஸ் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேலி செய்தார்கள். காதல் கடிதம் என்று நினைத்துவிட்டார்கள். நானும் பிரிக்கும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மறந்துபோயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிய தேர்வு மறக்காது. என்னிடம் படிக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே மறப்பதில்லை.

ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்திருந்தால் இதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். அதனால் சொன்னதற்கு நன்றி.

அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். முதலில் எனக்கு விளங்கட்டும். வகுப்பில் என்ன கேள்விகள் கேட்கிறார்கள்? அதையே நானும் கேட்கிறேன், தபாலில் பதில் எழுதுங்கள். உங்களுக்கும் பயிற்சி ஆகும், எனக்கும் உங்களைத் தெரிந்துகொண்ட மாதிரி இருக்கும். நாம் இதுவரை மொத்தமாகப் பேசியது மொட்டைமாடியில் ஒரு காபி ஆறுகிற நேரம்தான்.

முதல் கேள்வி: இன்ஜினியரிங் படித்து, நல்ல கம்பெனியில் வேலையும் பார்க்கிற நீங்கள் ஏன் எம்.பி.ஏ. படிக்க வேண்டும்?

ஃபெபா


மூக்கண்டப்பள்ளி
14.2.2005

அன்புள்ள ஃபெபாவுக்கு,

நீங்கள் இப்படிப் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வகுப்பில் இதே கேள்விதான் முதல் கேள்வி. அங்கே வருகிற மற்றவர்கள் எல்லோரும் பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள். ஆங்கிலம் தண்ணீர் மாதிரி கொட்டுகிறது. குரூப் டிஸ்கஷனில் நான் வாயைத் திறப்பதற்குள் தலைப்பே மாறிவிடுகிறது.

நான் தயாரித்து வைத்திருக்கும் பதில் இது: "மூன்று வருட உற்பத்தித் துறை அனுபவம் எனக்கு வலுவான தொழில்நுட்ப அடித்தளத்தைத் தந்திருக்கிறது. இனி நிதி, சந்தை, மனிதவளம் ஆகிய துறைகளையும் கற்று, ஒரு முழுமையான மேலாளராக வளர்ந்து, நிறுவனத்துக்கும் சமூகத்துக்கும் பங்களிக்க விரும்புகிறேன்."

இதை ஆங்கிலத்தில் தடுக்காமல் சொல்லப் பழகிவிட்டேன்.

ரெக்ஸ்


கிருஷ்ணகிரி
17.2.2005

அன்புள்ள ரெக்ஸ் அவர்களுக்கு,

பதில் படித்தேன். இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் தம்பி பெயரைப் போட்டாலும் பொருந்தும். அவன் பி.காம். இரண்டாம் வருடம்.

வேலையையும் விட்டு, வீட்டிலும் பொய் சொல்லி, ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போகிற ஒருவருக்கு இவ்வளவு வழவழப்பான காரணம் இருக்க முடியாது. உண்மைக் காரணத்தை எழுதுங்கள். நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஃபெபா


மூக்கண்டப்பள்ளி
22.2.2005

அன்புள்ள ஃபெபாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு ஷிஃப்ட் முழுக்கக் கோபமாக இருந்தேன். பிறகு யோசித்தேன். எழுதுகிறேன்.

நான் பார்ப்பது பிரேக் டிரம் கடைகிற லைன். பார்த்தது என்று சொல்ல வேண்டும். போன செப்டம்பரில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். வடக்கே ஒரு மாநிலத்தில் புதிய ஃபேக்டரிகளுக்கு வரிச் சலுகை கொடுக்கிறார்கள், அதனால் எங்கள் லைன் அங்கே போகிறது. மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுகிற பொறுப்பு எனக்கு.

சம்பங்கி என்று ஒரு ஆபரேட்டர். மத்திகிரிப் பக்கம் கிராமம், கான்ட்ராக்ட் ஆள். வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், என்னிடம் தமிழ். நாங்கள் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். "சார், மெஷின் போற ஊருக்கு நம்மளயும் கூட்டிக்கினு போவாங்களா?" என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "இல்ல சார், சம்சாரம் கேக்கச் சொல்லுச்சி" என்றான்.

இப்போது அவன் ரோஜாத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறான். நான் பர்மனென்ட் என்பதால் என்னை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த முடிவு தப்பு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கே எனக்குப் புரியாது. ஆனால் மூன்று வருடம் அந்த லைனை ஓட்டியவன் நான். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கேயோ ஒரு அறையில் யாரோ உட்கார்ந்து முடிவு செய்தார்கள், தாள் வந்தது. அந்த அறையில் நானும் ஒருநாள் உட்கார வேண்டும். அவ்வளவுதான். இதைப் போய் இன்டர்வியூவில் எப்படிச் சொல்வது?

ரெக்ஸ்


கிருஷ்ணகிரி
26.2.2005

அன்புள்ள ரெக்ஸ் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நம்புகிறேன். உங்களைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்தது சரிதான் என்று முதன்முதலாகத் தோன்றியது.

ஆனால் கேள்வி கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு நல்ல வார்த்தையோடு நிறுத்தினால் பயிற்சி ஆகாது. கேட்கிறேன். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களும் ஒரு காலத்தில் உங்களைப் போல லைனில் நின்றவர்களாக இருக்கலாம். இதே ஆசையோடு படிக்கப் போயிருக்கலாம். நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? லைனை அனுப்பியிருப்பீர்களா, மாட்டீர்களா?

மாட்டேன் என்று சொன்னால் கணக்கைக் காட்டுங்கள். நான் கணக்கு டீச்சர். அனுப்பியிருப்பேன் என்றால், இதற்கு எதற்கு இரண்டு வருடம்?

ஃபெபா


மூக்கண்டப்பள்ளி
3.3.2005

ஃபெபா அவர்களுக்கு,

உங்கள் அப்பா நேற்று சாயந்திரம் என் அப்பாவுக்கு போன் செய்தார். இன்டர்வியூ, பயிற்சி வகுப்பு, வேலையை விடுவது, எல்லாவற்றையும் அவர் வாயால் என் அப்பா கேட்டார். பெற்ற பிள்ளையைப் பற்றி அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொண்டார். என்னைத் திட்டவில்லை. "யேசுராஜ் மவன் பொய் சொல்லமாட்டான்னு இந்த சிப்காட் எஸ்டேட்டே சொல்லும்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சொல்ல வேண்டாம் என்று எழுதியது நீங்கள். சொன்னதும் நீங்கள். இன்டர்வியூவுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. இனி கேள்விகள் அனுப்ப வேண்டாம்.

ரெக்ஸ்


கிருஷ்ணகிரி
5.3.2005

அன்புள்ள ரெக்ஸ் அவர்களுக்கு,

கேள்வி இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் சபையில் பாட்டுக்குழுவில் இருக்கிற ஒரு அக்கா உங்களை மடிவாளா பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணோடு பார்த்திருக்கிறார்கள். இரண்டு ஞாயிறு பார்த்தார்களாம். கூட வகுப்பில் படிக்கிறவளாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை ஹாஸ்பிட்டலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் பாதியில் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவாம அந்தப் பயலுக்குப் பெங்களூர்ல என்ன சோலி?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். ஜெயசெல்வி பெண்ணுக்கு நிச்சயம் முறிந்தது என்று தன் பெயரைச் சொல்லி ஊர் பேசுமே என்று அவளுக்குப் பயம். நான் பக்கத்து அறையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் உங்களுக்கு ஒரு குடும்பமே இருப்பதாக ஆகியிருக்கும். அதனால் வெளியே வந்து சொன்னேன். பெண் இல்லை, படிப்பு என்றேன்.

அப்பாவுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது. "படிக்கப் போறவரு எதுக்குப் பொண்ணு கேட்டு வந்தாவ?" என்றார். பிறகு, "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அதன்பின் என்னோடு பேசவில்லை.

படிக்கப் போவதில்லை என்று நீங்கள் சொன்னால்தான் ஏப்ரல் கடைசியில் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கலாம் என்று சொல்லிவிட்டார். அதுவரை ஒன்றும் இல்லையாம்.

உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றவா, உங்கள் பெயரைக் காப்பாற்றவா என்று வந்தது. யோசிக்க நேரம் இல்லை. மறுபடி நடந்தாலும் இதையேதான் செய்வேன்.

இன்டர்வியூவுக்குப் போய் வாருங்கள். ஜெபிக்கிறேன்.

ஃபெபா


மூக்கண்டப்பள்ளி
13.3.2005

அன்புள்ள ஃபெபா,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமலே இன்டர்வியூவுக்குப் போனேன். நீ என்று எழுதுகிறேன். அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்த நினைப்பில் 'நீங்கள்' வரவில்லை, 'நீ'தான் வந்தது.

அப்பா என்னோடு அத்திப்பள்ளிவரை பஸ்ஸில் வந்தார். ஏன் வருகிறார் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கர்நாடக எல்லைச் செக்போஸ்ட் தாண்டியதும் இறங்கி, எதிர்ப்பக்கம் ஓசூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது.

உள்ளே மூன்று பேர். இரண்டு பேராசிரியர்கள், ஒரு கம்பெனிக்காரர். பிரேக் டிரம்மை ஏன் வார்ப்பிரும்பில் செய்கிறார்கள் என்று கேட்டார்கள், சொன்னேன். ஏன் எம்.பி.ஏ. என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தேன், பாதியில் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. நிறுத்திவிட்டு, லைன் போன கதையைச் சொன்னேன். ஆங்கிலம் தடுக்கியது. அவர்கள் அவசரப்படுத்தவில்லை.

கம்பெனிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் லைனை அனுப்பியிருப்பீர்களா?" என்றார். ஃபெபா, நீ கேட்ட அதே கேள்வி. உனக்குப் பதில் எழுதாமல் விட்ட அதே கேள்வி.

அனுப்பியிருப்பேன் என்றேன். வரிச் சலுகையைப் பார்த்தால் வேறு வழி இல்லை. ஆனால் ஆறு மாதம் முன்பே ஆட்களிடம் நேரில் சொல்லியிருப்பேன் என்றேன். "முன்பே சொன்னால் வேலை மந்தமாகும், நஷ்டம் வரும், அதை யார் தாங்குவது?" என்றார். கம்பெனி தாங்க வேண்டும் என்றேன். "எவ்வளவுவரை?" என்றார். தெரியாது சார் என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அதோடு முடிந்தது.

கிடைக்குமா என்று தெரியாது. நீ நினைத்தது போல அந்தப் பெண் வகுப்புக்கு வருகிறவள்தான். போன கடிதத்தில் நான் எழுதியது தப்பு. நீ செய்தது சரி.

ரெக்ஸ்


கிருஷ்ணகிரி
18.3.2005

அன்புள்ள ரெக்ஸ்,

படித்தேன். நீ என்று எழுதியது நன்றாகவே இருக்கிறது. நான் நீங்கள் என்றே எழுதுகிறேன், எனக்கு அதுதான் வருகிறது.

அப்பா இன்னும் பேசவில்லை. இங்கே பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரம். முடிவு வரும்வரை நாம் எழுதிக்கொள்ள வேண்டாம். காத்திருக்கிறவர்கள் எழுதுகிற கடிதத்தில் பொய் சேர்ந்துவிடும்.

ஃபெபா


மூக்கண்டப்பள்ளி
15.4.2005

அன்புள்ள ஃபெபா,

முடிவு வந்துவிட்டது. கிடைக்கவில்லை.

சிப்காட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். பதிவு எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி அடித்துப் பார்த்தேன். அதே வரிதான் வந்தது. வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டு இரண்டாம் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன்.

அப்பா உங்கள் வீட்டுக்கு போன் செய்து சொன்னார். உன் அப்பா குரல் ஹாலில் நின்ற எனக்கே கேட்டது, அவ்வளவு சந்தோஷம். இருபத்து நான்காம் தேதியிலிருந்து ஓலை வாசிக்கலாம், மே பத்தொன்பது கல்யாணம், ஒன்றும் மாறவில்லை என்றார். அம்மா கேசரி செய்தாள். நானும் சாப்பிட்டேன்.

எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்துவிட்டது. நீயும் இனி நிம்மதியாக இருக்கலாம்.

ரெக்ஸ்


கிருஷ்ணகிரி
19.4.2005

அன்புள்ள ரெக்ஸ்,

உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அப்பா வந்து சொன்னபோது அவர் என்னிடம் பேசியே ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை நிம்மதியானவள் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

வேண்டாம் என்று சொன்ன பிறகும் கேள்விதான் வருகிறது. வருகிற நவம்பரில் மறுபடி எழுதுவீர்களா? எழுத மாட்டேன் என்றால் சரி. எழுதுவேன் என்றால், ஓலை வாசிப்பதற்கு முன்பு என் அப்பாவிடம் நீங்களே நேரில் வந்து சொல்லுங்கள். நான் தூது போக மாட்டேன். கிடைக்காமல் போனதை வைத்து அவர் சம்மதித்திருக்கிறார். அந்தச் சம்மதத்தில் எனக்குக் கல்யாணம் வேண்டாம்.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் இரண்டு நாளாக எழுதாமல் இருந்தேன். மூன்று வருடம் லைனை ஓட்டிய உங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எழுதினீர்கள். அதைப் படித்து எனக்கு உங்கள் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. ஆனால் இத்தனை கடிதத்தில் நான் என்ன செய்யட்டும் என்று கேட்டீர்கள், நான் என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீங்கள் ஹாஸ்டலுக்குப் போயிருந்தால் இரண்டு வருடம் நான் எங்கே இருந்திருப்பேன்? உங்கள் வீட்டிலா, எங்கள் வீட்டிலா? போகாவிட்டாலும்தான் என்ன? பள்ளிக்கூட வேலையை விட்டுவிடுகிறாள் என்று பிப்ரவரியிலேயே அப்பா எங்கள் ஹெச்.எம்.மிடம் சொல்லி, என்னிடம் ராஜினாமாவும் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டார். உங்களுக்கு அது தெரியுமா?

ஃபெபா


மூக்கண்டப்பள்ளி
25.4.2005

அன்புள்ள ஃபெபா,

சனிக்கிழமை கிருஷ்ணகிரி வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, ஹாஸ்பிட்டலுக்குப் போனேன். உன் அப்பா மருந்து கொடுக்கும் ஜன்னலில் கூட்டம். வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது நிமிராமலே "சீட்டு" என்று கையை நீட்டினார். "சீட்டு இல்ல மாமா, நான் ரெக்ஸ்" என்றேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். நவம்பரில் மறுபடி எழுதப் போகிறேன் என்றேன். கிடைத்தால் போவேன், கிடைக்காவிட்டால் அதற்கடுத்த வருடமும் எழுதுவேன், இது தெரிந்து பெண் கொடுப்பதானால் கொடுங்கள் என்றேன். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு தடவ வுழுந்தது போதாதா?" என்றார்.

"போதல மாமா."

"இதச் சொல்ல ஒமக்குத் தைரியம் எங்கேருந்து வந்துச்சு?"

"ஃபெபாதான் நேர்ல சொல்லச் சொன்னா."

"எங்கிட்டயும் அவ அப்படித்தான். மறைக்கமாட்டா, அன்னைக்கும் மறைக்கல" என்றார். பிறகு, "ரெண்டு வருசம் எம்புள்ள எங்க இருப்பா?" என்று கேட்டார். உன் கடிதம் வராமல் இருந்தால், எங்கள் வீட்டில் மாமா என்று பட்டென்று சொல்லியிருப்பேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. "நானுங் கேக்கல" என்றார். "எழுதும். ஆனா இந்தத் தடவ வீட்ல சொல்லிட்டு எழுதும்" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டார்.

ராஜினாமா விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. இப்போது கேட்கிறேன். நீ வேலையை விட விரும்புகிறாயா? இல்லை என்றால் என்ன செய்ய நினைக்கிறாய்? எனக்குக் கிடைத்தால் நீ எங்கே இருக்க விரும்புவாய்? நீ எழுதுவதைப் படித்துத்தான் நான் யோசிக்க வேண்டும்.

ரெக்ஸ்


கிருஷ்ணகிரி
2.5.2005

அன்புள்ள ரெக்ஸ்,

நீங்கள் வந்துபோன சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது அப்பா, "ஸ்கூல வுட ஒனக்கு இஷ்டமா இல்லியா?" என்று கேட்டார். அம்மா, "கல்யாணத்துக்கப்புறம் எதுக்கு" என்று ஆரம்பித்தாள். "அவளக் கேட்டேன்" என்றார் அப்பா. இல்லை என்றேன். ரசம் ஊற்றச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஹெச்.எம்.மைப் பார்த்து ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஓசூரிலிருந்து தினம் வர முடியுமா என்று கேட்டார். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தானே, வருவேன் என்றேன். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும். உங்கள் அம்மாவிடம் நீங்கள் சொல்லி வையுங்கள், வந்த பிறகு நானும் சொல்கிறேன். எனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கப் பிடிக்கும். பயந்துகொண்டு வருகிற பிள்ளை ஜூலையில் ஒரு கணக்கைத் தானாகப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும். அதை விட்டுவிட்டு வர மனம் இல்லை. இவ்வளவுதான் என் காரணம். பெரிய காரணம் இல்லை.

உங்களுக்கு இடம் கிடைத்தால் நான் எங்கே இருப்பேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை. இங்கேயே இருக்கலாம். நீங்கள் படிக்கிற ஊரிலும் பள்ளிக்கூடங்கள் இருக்கும். அன்றைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம்.

நேற்று இங்கே இரண்டாம் முறை ஓலை வாசித்தார்கள். அப்பா முன்வரிசையில், நான் பெண்கள் பக்கம். யேசுராஜ் குமாரன் ரெக்ஸ் என்று உங்கள் பெயரையும், அடுத்து என் பெயரையும் சொல்லிவிட்டு, இந்தத் திருமணத்துக்கு நியாயமான தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கலாம் என்று சபை ஐயர் நிறுத்தினார். முதல் வாரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன், ஒன்றும் காதில் விழவில்லை. நேற்று கேட்டேன். சபையில் யாரும் பேசவில்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். அந்த நேரத்தில் என்னையே ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எனக்குத் தடை ஒன்றும் இல்லை.

உங்கள்
ஃபெபா